பார்வையாளர் நேரம்

2020 மார்ச், ஏப்ரல் மாதங்களில் நமக்குச் சொல்லப்பட்ட அறிவுரைகள் நினைவிருக்கும். சோப்புப் போட்டு இருபது விநாடி கை கழுவு. முகத்தைத் தொடாதே. மாஸ்க் போடு. ஆறடி தள்ளி நில். வெளியே போகாதே. எல்லாமே எளிய கட்டளைகள். ஆனால் அத்தனைக்கும் அடியில் சொல்லப்படாத ஒரு நிபந்தனை இருந்தது: காலையில் கேட்டது மாலையில் நினைவிருக்க வேண்டும். புதிதாக ஒன்றைக் கேட்டு, மனத்தில் இருத்தி, அறுபது வருடப் பழக்கத்தை அதற்கேற்ப மாற்றிக்கொள்ளும் மூளை வேண்டும். மறதி நோய் முதலில் கை வைப்பதே அந்தத் திறனில்தான்.

சென்னையில் அந்த நாட்களில் பல வீடுகளில் நடந்த கதை இது. காலை ஆறு மணிக்குப் பெரியவர் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வருவார். தெருமுனைக் கடையில் ஒரு டீ, பெஞ்சில் கிடக்கும் பேப்பரில் அரைப் பக்கம், பிள்ளையார் கோயிலை ஒரு சுற்று, பிறகு வீடு. அன்றைக்கு கேட்டில் பூட்டு தொங்கும். "ஏம்ப்பா பூட்டி வச்சிருக்க?" என்பார். "கொரோனாப்பா. வெளிய போகக் கூடாதுன்னு கவர்மெண்ட்டே சொல்லியிருக்கு" என்பார் மகன். "அடப் பாவமே, அப்படியா?" என்று ஈஸி சேரில் போய் உட்காருவார் பெரியவர். பத்து நிமிடத்தில் மறுபடி வாசல், மறுபடி பூட்டு, மறுபடி அதே கேள்வி. நான்காவது தடவை மகனின் குரல் உயரும். பெரியவருக்கு முந்தைய மூன்று தடவை நினைவில் இல்லை. அவர் கண்ணுக்குத் தெரிவது, ஒரு காரணமும் சொல்லாமல் தன்னை அடைத்துவைத்துக் கத்துகிற ஒரு ஆள். சில வீடுகளில் அந்த ஆள் தன் மகன் என்பதும் அந்த நேரத்துக்கு மறந்திருக்கும்.

தொலைபேசியை எடுத்தால் இருமலோடு தொடங்கும் அரசு அறிவிப்பு வேறு. யாரோ பக்கத்தில் இருமுகிறார்கள் என்று நினைத்துப் பதறியவர்கள் இருந்திருப்பார்கள்.

இதை வெறும் ஞாபகப் பிசகு என்று விட்டுவிட்டால் ஊரடங்கு அவர்களுக்கு என்ன செய்தது என்பது புரியாது. அல்சைமர் நோயில் சேதம் வழக்கமாக மூளையின் இரு பக்க மடல்களின் உட்புறத்தில் தொடங்குகிறது: ஹிப்போகேம்பஸ் என்ற சிறு பகுதியிலும், அதற்குள் செய்தி நுழையும் வாசலான என்டோரைனல் புறணியிலும். அன்றாட நிகழ்ச்சிகளைப் புது நினைவாகப் பதிவதும், இடங்களை மனத்துக்குள் வரைபடமாக வைத்திருப்பதும் இவற்றின் வேலை. கை பழகிய வேலைகளுக்கும் கால் பழகிய வழிகளுக்கும் பொறுப்பு வேறு பகுதிகள். மூளையின் அடியாழத்தில் இருக்கும் பேசல் கேங்லியாவும் பின்னால் இருக்கும் சிறுமூளையும் அல்சைமரில் நெடுநாள் தாக்குப்பிடிக்கும். அதனால்தான் காலையில் என்ன சாப்பிட்டோம் என்று சொல்லத் தெரியாத பாட்டி, பூவைக் கையில் கொடுத்தால் பிசகாமல் தொடுத்துவிடுகிறார். எந்தத் தெருவில் இருக்கிறோம் என்று தெரியாதவர் டீக்கடைக்குச் சரியாகப் போய்விட்டுத் திரும்புகிறார்.

ஆக, மறதி நோய் உள்ளவரின் ஒரு நாள் அவர் தலைக்குள் மட்டும் இல்லை. பாதி வெளியே இருக்கிறது: பால்காரரின் மணிச் சத்தம், டீக்கடை பெஞ்ச், பதினோரு மணிக்கு வந்து பாத்திரம் தேய்க்கும் அம்மா, சாயங்காலம் வந்து "என்ன தாத்தா, சாப்ட்டாச்சா?" என்று கேட்கும் பக்கத்து வீட்டுப் பையன். இவை கோலத்தின் புள்ளிகள். அவர் புள்ளி வைப்பதில்லை. வைத்திருக்கும் புள்ளிகளைச் சுற்றிக் கோடு இழுத்துக்கொண்டு ஒரு நாளை முடித்துவிடுகிறார். ஊரடங்கு ஒரே இரவில் புள்ளிகளை எல்லாம் அழித்துவிட்டது. பார்ப்பவர்களுக்குத் தெரிந்தது கோடு தாறுமாறாகப் போனது மட்டும். "திடீர்னு நோய் முத்திடுச்சு டாக்டர்" என்றார்கள்.

சென்னையில் இதன் பாரம் பெரும்பாலும் வீட்டின் மேல்தான் விழுந்தது. நம் ஊரில் மறதி நோயாளிகளில் இல்லங்களில் இருப்பவர்கள் மிகச் சிலர். மற்றவர்களை மனைவியோ மருமகளோ மகளோ பார்த்துக்கொள்கிறார்கள். வசதி இருந்தால் ஏஜென்சி மூலம் ஒரு அட்டெண்டர். அரக்கோணம், கும்மிடிப்பூண்டி மார்க்கத்தில் மின்சார ரயிலில் வந்துபோன பெண்கள் ரயில் நின்றதும் நின்றுவிட்டார்கள். வந்திருந்தவர்களில் சிலர் ஊருக்குத் திரும்ப முடியாமல் அந்த வீட்டிலேயே மாட்டிக்கொண்டார்கள். ஸ்கார்ஃப் என்ற சென்னை மனநல அமைப்பைச் சேர்ந்த ஆய்வாளர்கள் அந்த ஊரடங்குக் காலத்தில், மறதி நோயாளிகளைப் பராமரிக்கும் 31 குடும்பத்தினரிடம் தொலைபேசியில் விரிவாகப் பேசி ஆய்வு ஒன்றை வெளியிட்டார்கள். தங்கள் வீட்டில் பெரிய மாற்றம் இல்லை என்று சொன்னவர்கள் சிலரே. மற்றவர்களுக்கு இது இரட்டைச் சுமை. நோயாளியைப் பார்த்துக்கொள்வது பழைய வேலை. அவருக்குத் தொற்று வராமல், தனக்கும் வராமல், வருமானமும் நின்றுவிடாமல் பார்த்துக்கொள்வது புது வேலை. அக்கம்பக்கத்தார், வேலைக்கு வருபவர்கள், உறவினர் என்ற சம்பளமில்லாத, கணக்கில் வராத உதவிகளை இந்தக் குடும்பங்கள் எவ்வளவு நம்பியிருந்தன என்பது, அந்த உதவி அறுந்த பிறகுதான் வெளியே தெரிந்தது.

அந்த ஊரடங்கில் நல்லதாக நடந்த ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். தொலைமருத்துவத்துக்கான வழிகாட்டு நெறிமுறைகளை மத்திய அரசு 2020 மார்ச் 25 அன்று, ஊரடங்கு தொடங்கிய அதே நாளில், வெளியிட்டது. மருத்துவர்கள் வீடியோவில் பார்த்து மருந்து எழுதச் சட்டப்படி வழி கிடைத்தது. மறதி நோய்க்கு இது ஓரளவு பொருந்தும். நோயாளியைவிட, கூட இருப்பவரிடம்தான் அதிகம் பேச வேண்டியிருக்கும் நோய் இது.

ஊரடங்கு பறித்த அடுத்த விஷயம் வெளிச்சம். கண்ணின் விழித்திரையில் பார்ப்பதற்கான செல்களோடு, பகலா இரவா என்று மட்டும் கணக்கெடுக்கும் சில செல்களும் உண்டு. அவை மூளையின் நடுவில், பார்வை நரம்புகள் குறுக்கே வெட்டும் இடத்துக்கு மேல் இருக்கும் ஒரு சிறு செல்கூட்டத்துக்குச் செய்தி அனுப்புகின்றன. உடலின் கடிகாரம் அதுதான். அல்சைமரில் இந்தக் கடிகாரமும் தேய்கிறது. அதனால் மற்றவர்களைவிட இவர்களுக்குப் பகல் வெளிச்சம் கூடுதலாகத் தேவை. டியூப்லைட் எரியும் அறையில் சில நூறு லக்ஸ் வெளிச்சம் இருந்தாலே அதிகம். வெளியே மர நிழலில் நின்றால்கூடப் பல ஆயிரம் லக்ஸ் கிடைக்கும். ஃப்ளாட்டில் இருக்கும் பெரியவருக்கு அந்த வெளிச்சத்தைக் கொடுத்துவந்தது பூங்காவில் அரை மணி நடையும், கடற்கரையில் ஒரு மணி நேரமும். மெரினா மக்களுக்குத் திரும்பத் திறந்தது 2020 டிசம்பர் 14 அன்றுதான்.

வெளிச்சம் குறைந்ததன் விளைவு சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் தெரியும். பொழுது சாயச் சாய நிலைகொள்ளாமல் நடப்பார்கள். "வீட்டுக்குப் போகணும்" என்று தன் வீட்டுக்குள்ளேயே நின்று கேட்பார்கள். இரவு இரண்டு மணிக்குக் குளித்துவிட்டு ஆபீஸ் கிளம்புவார்கள். பகலெல்லாம் கண்ணயர்வார்கள். நெதர்லாந்தில் முதியோருக்கான 12 விடுதிகளில் 189 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2008இல் வெளிவந்தது. கூடத்தின் விளக்குகளை மாற்றிப் பகல் முழுக்க 1,000 லக்ஸ் அளவுக்கு வெளிச்சம் கொடுத்தார்கள், அவ்வளவுதான். அதற்கே மனச்சோர்வுக் குறிகள் 19 சதவீதம் குறைந்தன. அறிவுத்திறன் சரிவதும் சற்றே மட்டுப்பட்டது. வெளிச்சம் கூடினால் இப்படி என்றால், குறைந்தால் என்ன ஆகும் என்பதை 2020இல் உலகம் முழுக்க, யாரும் திட்டமிடாமலே, பரிசோதித்துப் பார்த்துவிட்டோம்.

ஊரடங்கின் விளைவை முதலில் பெரிய அளவில் எண்ணிப் பார்த்தது இத்தாலி. அங்கே நாடு தழுவிய ஊரடங்கு 2020 மார்ச் 10 அன்று தொடங்கியது. ஏப்ரல் பிற்பாதியில் நாடு முழுவதும் 87 மறதி நோய் மையங்களின் மருத்துவர்கள் நோயாளிகளின் வீடுகளுக்குத் தொலைபேசியில் பேசினார்கள். 4,913 குடும்பங்கள் பதில் சொல்லின. ஏறத்தாழ 60 சதவீத நோயாளிகளுக்கு, இருந்த நடத்தைக் கோளாறுகள் கூடியிருந்தன, அல்லது புதிதாக வந்திருந்தன. எரிச்சல், எதிலும் பிடிப்பில்லாமை, பரபரப்பு, பதற்றம், மனச்சோர்வு என்ற வரிசையில். ஊரடங்கு தொடங்கிச் சில வாரங்களில் வந்த கணக்கு இது.

இத்தகைய ஆய்வுகளைக் கொஞ்சம் ஜாக்கிரதையாகத்தான் படிக்க வேண்டும். மறதி நோய் ஊரடங்கு இல்லாவிட்டாலும் முற்றும். நினைவுத்திறனைச் சோதிக்கும் முப்பது மதிப்பெண் தேர்வில் அல்சைமர் நோயாளிகள் ஆண்டுக்கு இரண்டு முதல் நான்கு மதிப்பெண் வரை இழப்பது வழக்கம். இத்தாலிக் கணக்கு, களைத்துப்போன ஒரு மகளோ மனைவியோ தொலைபேசியில் சொன்னது. அவர்களுடைய களைப்பும் அதில் கலந்திருக்கும். ஊரடங்கு இல்லாத ஒரு இத்தாலி இருந்து, அதோடு ஒப்பிட்டுப் பார்க்கவும் வழியில்லை. எந்தப் பங்கு நோயினுடையது, எந்தப் பங்கு பூட்டினுடையது என்று துல்லியமாகப் பிரிக்க முடியாது. ஆனால் ஒருசில வாரங்களில் இத்தனை பேருக்கு இத்தனை மாற்றம் என்பது நோயின் வழக்கமான வேகம் இல்லை என்பதில் நரம்பியலாளர்களுக்குப் பெரிய கருத்து வேறுபாடு கிடையாது.

வீட்டில் இது நடந்துகொண்டிருக்க, இல்லங்களில் நடந்தது வேறு தினுசு. இதற்கு இங்கிலாந்தைப் பார்க்க வேண்டும். அங்கே பராமரிப்பு இல்லங்களில் இருப்பவர்களில் பெரும்பகுதியினர் மறதி நோய் உள்ளவர்கள். கூடவே அந்த நாடு இறப்புகளை ஒளிக்காமல் எண்ணி வெளியிட்டது. 2020 மார்ச் முதல் ஜூன் வரை இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கொரோனாவோடு தொடர்புள்ள இறப்புகள் 50,335. அவர்களில் 12,869 பேருக்கு, அதாவது நான்கில் ஒருவருக்கு, முன்பே இருந்த முதன்மை நோய் மறதி நோய்தான். சர்க்கரை, இதய நோய் எல்லாம் அதற்குப் பின்னால்தான்.

ஏன் இவ்வளவு? வயது ஒரு காரணம். கூட்டமாக ஒரே கூரையின் கீழ் வாழ்வது இன்னொன்று. அல்சைமருக்கான ஆபத்தைக் கூட்டும் அப்போஈ-4 மரபணுவின் இரண்டு பிரதிகளும் உள்ளவர்களுக்குக் கடுமையான கொரோனா வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்கு என்று பிரிட்டிஷ் மரபணுத் தரவுகளிலிருந்து தெரிந்தது. ஆனால் பெரிய காரணம் மரபணுவில் இல்லை. மார்ச் நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை ஏறத்தாழ 25,000 பேரை மருத்துவமனைகளிலிருந்து பராமரிப்பு இல்லங்களுக்கு அனுப்பிவைத்தார்கள். படுக்கை காலியாக வேண்டும் என்ற அவசரம். பெரும்பாலோருக்குப் பரிசோதனை செய்யவில்லை. அறிகுறி இல்லாதவர்களும் தொற்றைப் பரப்பலாம் என்ற ஆபத்தைக் கணக்கில் எடுக்காமல் இந்தக் கொள்கையை வகுத்தது சட்டவிரோதம் என்று லண்டன் உயர் நீதிமன்றம் 2022 ஏப்ரல் 27 அன்று தீர்ப்பளித்தது. தந்தையரை இழந்த இரண்டு மகள்கள் தொடுத்த வழக்கு அது.

நோயும் இல்லங்களில் வேறு முகத்தோடு வந்தது. காய்ச்சல், இருமல், மூச்சுத்திணறல் என்று பட்டியலை வைத்துக்கொண்டு காத்திருந்தவர்களுக்கு, திடீரென்று குழம்பிப் பேசுவதோ, எழுப்பினாலும் கண் திறக்காமல் கிடப்பதோ கொரோனாவாகத் தோன்றவில்லை. டெலீரியம் என்னும் இந்தத் திடீர்க் குழப்பம், மூளை ஏற்கெனவே பலவீனமாக இருப்பவர்களுக்கு எந்தத் தொற்றிலும் வரக்கூடியது. அமெரிக்காவில் அவசரப் பிரிவுகளுக்கு வந்த 817 முதிய கொரோனா நோயாளிகளை ஆராய்ந்தபோது 28 சதவீதத்தினருக்கு டெலீரியம் இருந்தது. அவர்களில் மூன்றில் ஒருவருக்கும் மேலானவர்களுக்குக் காய்ச்சலோ மூச்சுத்திணறலோ போன்ற வழக்கமான அறிகுறி எதுவும் இல்லை. "அப்பா இன்னைக்கு அவர் மாதிரியே இல்ல" என்று ஒரு மகள் சொல்வதுதான் இதற்கு முதல் பரிசோதனை. மகள்களைத்தான் உள்ளே விடவில்லையே.

2020 மார்ச்சில் இல்லங்களின் கதவைக் குடும்பத்தாருக்கு மூடியது தவறு என்று சொல்ல மாட்டேன். கிருமியைப் பற்றி ஒன்றும் தெரியாது, மாஸ்க் கிடையாது, பரிசோதனை கிடையாது. அந்த நிலையில் வேறு யார் பொறுப்பில் இருந்தாலும் மூடியிருப்பார்கள். கேள்வி, மூடிய கதவு எத்தனை மாதம் மூடியே இருந்தது என்பதில். இங்கிலாந்தில் ஜூலையில் உள்ளூர் அதிகாரிகளின் முடிவுக்கு விட்டார்கள். நடைமுறையில் பல இல்லங்கள் திறக்கவில்லை. ஒரே ஒரு குறிப்பிட்ட உறவினர் உள்ளே வந்து கையைப் பிடிக்கலாம் என்று நாடு முழுக்க அனுமதி வந்தது 2021 மார்ச் 8 அன்று. ஏறத்தாழ ஒரு வருடம். பராமரிப்பு இல்லத்துக்கு வருபவர்களில் கணிசமானோர் இரண்டு வருடத்துக்கு மேல் உயிர் வாழ்வதில்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

அந்த ஒரு வருடத்தில் கதவுக்குப் பதிலாக என்னென்ன வந்தன? ஜன்னல் சந்திப்பு. மகள் தோட்டத்தில் குளிரில் நிற்பார். அம்மா கண்ணாடிக்கு உள்ளே சக்கர நாற்காலியில். சத்தம் வராது. மகள் ஏன் உள்ளே வராமல் வெளியே நின்று கையசைக்கிறாள் என்று அம்மாவுக்குப் புரியாது. தன்மேல் கோபமோ என்று தோன்றும். பிறகு டேப்லெட்டில் வீடியோ அழைப்பு. திரையில் உள்ளங்கை அளவு முகம். குரல் ஒரு பக்கம், வாயசைவு ஒரு பக்கம். டேப்லெட்டைத் திருப்பிப் பின்னால் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தவர்கள் உண்டு. உள்ளே இருக்கும் பணியாளர்கள் எல்லாரும் மாஸ்க். முகத்தின் பாதியை மறைத்தால் யார் என்று தெரிவதும் கடினம், சிரிக்கிறாரா முறைக்கிறாரா என்று தெரிவதும் கடினம். காது மந்தமானவர்கள் உதட்டைப் பார்த்தே பாதியைப் புரிந்துகொள்வார்கள், அதுவும் போயிற்று. தவறிப்போய்க் கூடத்தில் நடந்தால் "ரூமுக்குப் போங்க" என்ற குரல். நடப்பதும் ஒரு அறிகுறியாகிவிட்டது. அதை அடக்க மாத்திரை இருந்தது. மறதி நோயாளிகளுக்குப் பக்கவாதத்தையும் மரணத்தையும் வரவழைக்கும் ஆபத்துள்ளவை என்று தெரிந்தே, கடைசி வழியாக மட்டும் கொடுக்க வேண்டிய ஆன்டிசைக்கோட்டிக் மருந்துகளின் பயன்பாடு இங்கிலாந்தில் அந்த மாதங்களில் கூடியது.

கொரோனாவே இல்லாமல் இறந்தவர்களின் கணக்கும் உண்டு. 2020 மார்ச் தொடக்கத்திலிருந்து மே முதல் நாள் வரை, இங்கிலாந்திலும் வேல்ஸிலும், இறப்புச் சான்றிதழில் கொரோனா என்ற பேச்சே இல்லாமல் மறதி நோயால் இறந்தவர்கள் ஐந்தாண்டுச் சராசரியைவிட 5,400 பேர் அதிகம். வழக்கத்தைவிட ஒன்றரை மடங்கு. இவர்களில் ஒரு பகுதியினர் பரிசோதிக்கப்படாத கொரோனா நோயாளிகளாக இருக்கலாம் என்று புள்ளியியல் அலுவலகமே சொன்னது. இன்னொரு பகுதியினர்? மகன் வந்து ஊட்டினால் மட்டும் சாப்பிட்டவர்கள், மருமகள் வந்து நடத்தினால் மட்டும் நடந்தவர்கள் எல்லா இல்லங்களிலும் இருந்தார்கள். தண்ணீர் குடிக்க ஞாபகப்படுத்த ஆள் இல்லை என்றால் நீர் வற்றும், சிறுநீர்த் தொற்று வரும், குழப்பம் கூடும், படுக்கை நிரந்தரமாகும். இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணியிலும் வைரஸ் இல்லை.

இங்கேதான் நிர்வாகங்கள் செய்த பிழை எனக்குத் தெரிகிறது. குடும்பத்தாரைப் பார்வையாளர்கள் என்ற பத்தியில் எழுதினார்கள். மருத்துவர், செவிலியர், சமையல்காரர், துப்புரவுப் பணியாளர் எல்லாரும் அத்தியாவசியம். வாரத்தில் ஐந்து நாள் வந்து மனைவிக்கு மதியச் சாப்பாடு ஊட்டிவிட்டுப் போகும் எண்பது வயதுக் கணவர் பார்வையாளர். அவர் செய்துவந்தது சிகிச்சை என்று யாருக்கும் தோன்றவில்லை. தொற்றின் எண்ணிக்கை தினமும் சாயங்காலம் வெளியானது. எடை குறைந்தவர்கள், நடையை இழந்தவர்கள், பேச்சு நின்றவர்கள் எண்ணிக்கையை எந்தப் பலகையிலும் யாரும் எழுதவில்லை. எண்ணாதது குறையவும் இல்லை.

"வந்து பார்த்தாலும் அவருக்கு ஞாபகம் இருக்கப் போவதில்லையே" என்று அப்போது ஒரு வாதம் கேட்டது. நம் வீடுகளிலும் கேட்டிருக்கும். இதற்கு அறிவியலில் 2014இலேயே பதில் இருந்தது. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் 17 அல்சைமர் நோயாளிகளுக்குச் சோகமான திரைப்படத் துணுக்குகளையும் பிறகு மகிழ்ச்சியான துணுக்குகளையும் போட்டுக் காட்டினார்கள். சில நிமிடங்களில் படத்தில் என்ன நடந்தது என்பதை ஏறத்தாழ முழுக்க மறந்துவிட்டார்கள். உணர்வு மட்டும் போகவில்லை. துக்கம் துக்கமாகவே இருந்தது, அரை மணி நேரம் கழித்தும். படத்தைக் குறைவாக நினைவு வைத்திருந்தவர்களிடம் துக்கம் இன்னும் நீடித்தது என்பது கூடுதல் ஆச்சரியம். காரணம் தெரியாததால் அதைத் தட்டிக்கழிக்கவும் வழி தெரியவில்லை போலும். மகன் வந்துபோனது மறந்துபோகலாம். வந்துபோனதால் ஏற்பட்ட நிம்மதி மறந்துபோவதில்லை. காலையில் யாரோ கத்தியதும் அப்படித்தான்.

வேறு விதமாகச் செய்திருக்க முடியுமா என்ற கேள்விக்கு நெதர்லாந்து அந்த வருடமே பதில் வைத்திருந்தது. அங்கேயும் 2020 மார்ச் 20 முதல் முதியோர் இல்லங்களுக்குள் குடும்பத்தார் யாருக்கும் அனுமதி இல்லை. ஆனால் ஆய்வாளர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. தடை விதித்து ஆறு வாரத்தில் இல்லவாசிகள், குடும்பத்தார், பணியாளர்கள் என்று இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் கேட்டார்கள். தனிமையும் மனச்சோர்வும் நடத்தைக் கோளாறும் மிகுந்திருந்தன. மே 11 அன்று 26 இல்லங்களில் ஒரு முன்னோட்டம் தொடங்கியது. கொரோனா இல்லாத இல்லங்கள். ஒருவருக்கு ஒரு குறிப்பிட்ட உறவினர் மட்டும். சுகாதார விதிகள் உண்டு. மாஸ்திரிக்ட் பல்கலைக்கழகம் உள்ளிட்டவை கண்காணித்தன. மூன்று வாரம் முடிந்தபோது அந்த இல்லங்களில் புதிதாக ஒரு தொற்றும் வரவில்லை. விதிகளைக் குடும்பத்தார் பெரும்பாலும் ஒழுங்காகக் கடைப்பிடித்தார்கள். கோடைக்குள் மற்ற இல்லங்களும் படிப்படியாகத் திறந்தன. தடுப்பூசி வருவதற்கு அரை வருடம் முன்பு நடந்தது இது.

இதே நெதர்லாந்திலிருந்து, என் வாதத்துக்கு இடைஞ்சலான இன்னொரு முடிவும் வந்தது. இல்லங்களில் பணிபுரியும் முந்நூறுக்கும் மேற்பட்ட உளவியலாளர்கள், மருத்துவர்கள் ஆகியோரிடம் கேட்டபோது, சிலரிடம் நடத்தைக் கோளாறு கூடியது என்றார்கள். வேறு சிலரிடம் குறைந்தது என்றார்கள். நோய் முற்றிய, எளிதில் பரபரப்படையும் சிலருக்கு ஊரடங்கு ஒரு நிம்மதியாக இருந்திருக்கிறது. கூட்டம் இல்லை, கூச்சல் இல்லை, பிங்கோ விளையாட்டு இல்லை, முகம் தெரியாதவர்கள் வந்து தோளில் தட்டுவதில்லை. மூளைக்குள் வரும் சத்தத்தைச் சலித்தெடுக்கும் திறன் குறைந்தவர்களுக்கு அமைதி நல்ல மருந்து. இதைப் படித்துவிட்டு, கதவை மூடியது நல்லதுதான் என்று முடிவுகட்டினால் அது குதர்க்கம். கூட்டம் வேறு, சொந்த மனிதர் வேறு. பத்துப் பேர் வரக் கூடாது என்பதற்கும் ஒருவரும் வரக் கூடாது என்பதற்கும் நடுவே நிறைய இடம் இருந்தது.

நோய் இல்லாதவர்களுக்கும் இந்த விஷயத்தில் பங்கு இருக்கிறது. பிரிட்டனில் ஐம்பது வயதைத் தாண்டிய 3,142 பேரின் நினைவுத்திறனைக் கொரோனாவுக்கு முன்பிருந்தே இணையவழியில் அளந்துவந்த ஓர் ஆய்வின் முடிவு 2023 இறுதியில் வந்தது. பெருந்தொற்றின் முதல் ஆண்டில் அவர்களுடைய வேலை நினைவும் திட்டமிடும் திறனும் முன்பைவிட வேகமாகச் சரிந்தன. தொற்று வந்தவர்களுக்கு மட்டுமில்லை, வராதவர்களுக்கும்தான். நடை குறைந்தது, குடி கூடியது, தனிமை, மனச்சோர்வு ஆகியவை அதோடு சேர்ந்து வந்தன. தற்செயலாக, மறதி நோய் பற்றி லான்செட் மருத்துவ இதழ் அமைத்த ஆணையத்தின் அறிக்கையும் 2020 ஜூலையில்தான் வெளிவந்தது. மாற்றிக்கொள்ளக்கூடிய 12 ஆபத்துக் காரணிகளை அது பட்டியலிட்டது. சமூகத் தனிமை, மனச்சோர்வு, உடலுழைப்பின்மை மூன்றும் அதில் இருந்தன. அப்போது உலகம் பூராவும் அந்த மூன்றையும் ஒரே நேரத்தில் செய்துகொண்டிருந்தது.

உறவினர் வந்து பார்க்கும் உரிமையை இங்கிலாந்து இப்போது சட்டமாக்கியிருக்கிறது. 2024 ஏப்ரல் 6 முதல், பராமரிப்பு இல்லங்களும் மருத்துவமனைகளும் மிக அசாதாரணச் சூழல் தவிர வேறெந்தக் காரணத்துக்காகவும் உறவினரை மறுக்கக் கூடாது. இல்லத்திலிருந்து வெளியே போய்வருவதைத் தடுக்கவும் கூடாது. மருத்துவமனைக்கு வரும்போது துணைக்கு ஒருவர் வர விரும்பினால் அனுமதிக்க வேண்டும். 2014 முதல் மருத்துவமனைகளில் மறதி நோயாளிகளுடன் குடும்பத்தார் தங்க உரிமை கேட்டுப் போராடிவந்த ஜான்ஸ் கேம்பெய்ன் போன்ற அமைப்புகள் விடாமல் குரல் கொடுத்த விஷயம் இது.

இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு, மறதி நோய் இருப்பதாக 2023இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிட்டது. நகரத்தைவிடக் கிராமத்தில் அதிகம். ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். இங்கே தேவைப்படும் விதி இங்கிலாந்தின் விதியைப் போல இருக்காது. நம் பொது மருத்துவமனைகளில் நோயாளிக்குத் துணையாக ஒருவர் தங்குவது சட்டம் போட்டு வந்த வழக்கமில்லை. ஆள் பற்றாக்குறையால் வந்தது. கொரோனா வார்டுகளில் அதை முதலில் வெட்டினோம். தன் பெயரைச் சொல்லத் தெரியாத பாட்டி ஒருவர், உடல் முழுக்க வெள்ளை உடையும் முகக்கவசமும் அணிந்த உருவங்களுக்கு நடுவே, ஆக்சிஜன் குழாயைப் பிடுங்கிப்போட்டால் "ஒத்துழைக்காத நோயாளி" என்று கேஸ் ஷீட்டில் எழுதப்பட்டது. முழுக் கவச உடையோடு ஒரே ஒரு மகளை உள்ளே விட்டிருந்தால் குழாய் அதன் இடத்தில் இருந்திருக்கும் என்பதே என் எண்ணம்.

வீட்டில் இருப்பவர்களுக்குத் தேவைப்படும் விதியோ இன்னும் எளிது. 2020 மார்ச் 24 இரவு மத்திய உள்துறை வெளியிட்ட விதிவிலக்குப் பட்டியலில் மளிகை, பால், மருந்துக்கடை, வங்கி, ஏடிஎம், பெட்ரோல் பங்க் எல்லாம் முதல் நாளிலேயே இருந்தன. வீட்டில் இருக்கும் முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் அட்டெண்டர்களும் பராமரிப்பாளர்களும் வேலைக்குப் போகலாம் என்று அதே உள்துறை தெளிவுபடுத்தியது ஏப்ரல் 21 அன்று.